பேசாமல் அமர்ந்திருப்பவர்: சமோவாவின் நாட்டுத் தலைவர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  நிகழ்ச்சியை எத்தனை மணிக்கு வைப்பது என்று அமைப்பாளர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது டொரண்டோவில் காலை ஒன்பது. லண்டனில் பிற்பகல் இரண்டு. சிங்கப்பூரில் இரவு ஒன்பது. நான் பேசப்போகிற சமோவாவிலோ அதிகாலை இரண்டு மணி. அதுவும் நாளைய தேதி. நமக்கு இன்னும் முடியாத சனிக்கிழமை அங்கே முடிந்து ஞாயிறு பிறந்துவிட்டது.

இந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. 1892ஆம் ஆண்டில் சமோவாவில் ஜூலை 4 இரண்டு முறை வந்தது. அமெரிக்க வணிகர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தேதிக்கோட்டின் அந்தப் பக்கம் போனார்கள். 119 ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று மறுபடி இந்தப் பக்கம் வந்தார்கள். அதனால் 2011 டிசம்பர் 30 என்ற நாளே அந்த நாட்டில் இல்லை. வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை காலையில் எழுந்தார்கள்.

முதல் முறை ஒப்புக்கொண்டவர் அரசர் மாலியேதோவா லௌபெபா. இரண்டாம் முறை சட்டத்துக்கு ஒப்புதல் தந்தவர் நாட்டுத் தலைவர் துய் ஆதுவா துபுவா தமாசெசே எஃபி. ஒரு நாட்டின் நாளைக் கூட்டவும் கழிக்கவும் இவர்களுடைய பெயர் வேண்டியிருந்தது. முடிவு எடுத்தவர்கள் வேறு. முதல் முறை வணிகர்கள், இரண்டாம் முறை பிரதமர். முடிவு எடுக்காத அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதற்கு உடனே ஒரு சொல் வைத்திருப்பார்கள்: ரப்பர் ஸ்டாம்பு. இலங்கையிலிருந்து வந்த மூத்தவர்களுக்கு ‘மகாதேசாதிபதி’ என்ற சொல் நினைவிருக்கும். கையொப்பமிடுவார், கொடியேற்றுவார், விருந்து கொடுப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் சமோவாவுக்குப் போனதில்லை. அந்தத் தீவுகளுக்கு நான் போனதெல்லாம் புத்தகத்தின் வழியாகத்தான். அந்தப் புத்தகத்தை எழுதியவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன்.

‘புதையல் தீவு’ எழுதிய அதே ஸ்டீவன்சன்தான். நோயாளி. காற்று மாற்றத்துக்காகக் கடல் கடலாக அலைந்து, 1889 டிசம்பரில் ஆப்பியா துறைமுகத்தில் இறங்கினார். ஊருக்கு மேலே வைலிமா என்ற இடத்தில் நிலம் வாங்கி வீடு கட்டினார். ஐந்தே ஆண்டுகள்தான் வாழ்ந்தார். 1894 டிசம்பர் 3 அன்று இறந்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாயேயா மலை உச்சியில் அடக்கம் செய்தார்கள். ‘துசிதாலா’, அதாவது கதை எழுதுகிறவர் என்பது அவருக்கு அந்த மக்கள் வைத்த பெயர்.

அவர் போனபிறகு அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ஜெர்மானியர் சமோவாவைப் பிடித்தபோது அது ஜெர்மன் ஆளுநரின் மாளிகை. 1914இல் நியூசிலாந்துப் படை வந்திறங்கியதும் நியூசிலாந்து நிர்வாகியின் மாளிகை. 1962இல் விடுதலை கிடைத்ததும் சமோவா நாட்டுத் தலைவரின் அதிகாரபூர்வ இல்லம். 1990களின் தொடக்கத்தில் புயல்கள் சிதைத்துப்போட, சீர்செய்து 1994இல் அருங்காட்சியகமாக்கினார்கள். நூறு ஆண்டுக்குள் கதைக்காரர், ஆளுநர், நிர்வாகி, நாட்டுத் தலைவர் என்று நான்கு வகைக் குடித்தனம். சமோவாவின் அதிகார வரலாற்றை அந்த ஒரு வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

ஸ்டீவன்சன் அங்கிருந்தபடி 1892இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சமோவாவின் எட்டு ஆண்டுத் தொல்லைகளைப் பற்றியது. வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பு என்று தலைப்பு வைத்தார். அது கதைப் புத்தகம் இல்லை, அரசியல் புத்தகம். அதில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: மாலியேதோவா, தமாசெசே, மதாஆஃபா. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நம்மோடு வருவார்கள்.

அப்போது ஆப்பியாவில் மூன்று வல்லரசுகளின் தூதர்கள் இருந்தார்கள்: ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா. மூவருக்கும் சமோவா வேண்டும். ஒருவரும் மற்றவருக்கு விடமாட்டார்கள். ஆகவே ஒரு ‘அரசர்’ தேவைப்பட்டார். கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே! 1887இல் ஜெர்மானியர் லௌபெபாவைப் பிடித்து நாடு கடத்தினார்கள். தமாசெசேயை அரசராக்கினார்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மானியரைப் பிரதமர் போல உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டே மதாஆஃபா எதிர்த்துக் கிளம்பினார். 1889 மார்ச்சில் ஒரு சூறாவளி வந்து துறைமுகத்தில் முறைத்துக்கொண்டு நின்ற ஜெர்மன், அமெரிக்கப் போர்க்கப்பல்களை நொறுக்கியது. பெர்லினில் கூடிப் பேசி, லௌபெபாவையே மறுபடி கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். 1893இல் மதாஆஃபா தோற்று, மார்ஷல் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். சிறைப்பட்ட அவருடைய தலைவர்களுக்கு ஸ்டீவன்சன் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் நன்றிக்கடனாக அவர் வீட்டுக்குத் தங்கள் கையால் சாலை போட்டுக் கொடுத்தார்கள். அன்பு நெஞ்சத்தின் சாலை என்று அதற்குப் பெயர்.

ஆக, அதிகாரம் இல்லாத நாட்டுத் தலைவர் என்ற இந்த நாற்காலியை முதலில் செய்தவர்கள் அந்நியர்கள். அதில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குப் பின்னால் ஒரு தூதர் நின்றார்.

ஆனால் சமோவாவுக்கென்று வேறொரு மரபு இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய நாட்டுத் தலைவரைப் புரிந்துகொள்ள முடியாது.

சமோவாவின் சபை வீடு சுவர் இல்லாதது. தூண்கள்மேல் கூரை நிற்கும். ஃபாலே என்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டம் உண்டு. பட்டம் பெற்றவர் மதாய். சபை கூடும்போது எந்தப் பட்டத்துக்காரர் எந்தத் தூணில் முதுகு சாய்த்து உட்கார வேண்டும் என்பது முன்பே தீர்மானமானது. மதாய்களில் இரண்டு வகை. அலிஇ என்பவர் உயர்குலத் தலைவர். துலாஃபாலே என்பவர் பேச்சாளர். கையில் கோலும் ஈயோட்டியும் வைத்துக்கொண்டு, வம்சாவளி சொல்லி, பழமொழி சொல்லி, பெரிய சபைகளில் தலைவருக்காகப் பேசுகிறவர் துலாஃபாலே. தலைவர் பேசாமல் அமர்ந்திருப்பார். பேசாமலிருப்பது அங்கே பலவீனம் ஆகாது. அவர் வாய் திறந்து ஒரு தரப்பை எடுத்துவிட்டால் பிறகு சமாதானம் சொல்ல ஆள் இல்லை. நம் கோயிலில் மூலவர் நகர்வதில்லை, வீதியில் வருவதெல்லாம் உற்சவர்தான். ஏறத்தாழ அப்படி. தலைவர் உண்பதற்கும் வருவதற்கும் தனி மரியாதைச் சொற்கள் இருக்கின்றன. ‘எழுந்தருளினார்’, ‘அமுது செய்தார்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

நாட்டுத் தலைவரின் பதவிப் பெயர் சமோவா மொழியில் ‘ஓ லே ஆவோ ஓ லே மாலோ’. ஆவோ என்றால் தலை. உயர்ந்த பட்டத்துக்கும் அந்தச் சொல்தான். மாலோ என்றால் இன்று அரசாங்கம். பழைய பொருளில் மாலோ என்பது போரில் வென்ற தரப்பு. தோற்ற தரப்புக்கு வைவை, அதாவது வலுவற்றவர்கள் என்று பெயர். வென்றவர்களின் தலை என்று இருந்த சொல்லை எல்லோருக்கும் பொதுவான தலை என்று ஆக்க வேண்டியிருந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாப் பட்டங்களுக்கும் மேலே நான்கு பட்டங்கள் உண்டு. ‘தமா ஆ ஆயிங்கா’ என்பார்கள், பெருங்குடும்பங்களின் பிள்ளைகள் என்று பொருள். மாலியேதோவா, மதாஆஃபா, துபுவா தமாசெசே, துய்மாலெயாலிஇஃபானோ. முதல் மூன்றும் ஸ்டீவன்சன் புத்தகத்தில் பார்த்த பெயர்கள்தான்.

1900இல் ஜெர்மனி மேற்குத் தீவுகளை எடுத்துக்கொண்டதும் அரசர் பதவியை ஒழித்தது. ஜெர்மன் கைசர்தான் பேரரசர். பிறகு இரண்டு பெருங்குடும்பத்தாரை ‘ஃபவுதுவா’, ஆலோசகர் என்று பெயர் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஆலோசனை சொல்லலாம், கேட்பதும் கேட்காததும் ஆளுநர் விருப்பம். நியூசிலாந்து அதை அப்படியே தொடர்ந்தது.

நியூசிலாந்து ஆட்சியில் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1918 நவம்பர் 7 அன்று தலூன் என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து காய்ச்சலோடு வந்தது. யாரும் தடுத்து நிறுத்தவில்லை. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறந்துபோனார்கள். பக்கத்தில் அமெரிக்க சமோவா கடலை மூடிவைத்துக்கொண்டது. அங்கே ஒரு சாவு இல்லை. இதை மக்கள் மறக்கவில்லை. 1920களில் ‘மாவ்’ என்ற இயக்கம் எழுந்தது. சமோவா சமோவாக்காரர்களுக்கே என்பது அவர்கள் முழக்கம். ஆயுதம் எடுக்கவில்லை. 1929 டிசம்பர் 28, சனிக்கிழமை, ஆப்பியாவில் ஊர்வலம் போனபோது நியூசிலாந்துக் காவலர்கள் சுட்டார்கள். அமைதி காக்கும்படி முன்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்த துபுவா தமாசெசே லெயாலோஃபி மூன்றாமவர் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

இறந்தவருடைய பட்டம் தம்பி மெயாஓலேக்குப் போனது. 1962 ஜனவரி 1 அன்று விடுதலை வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நான்கு பெரிய பட்டங்கள், ஒரு நாடு. யாரை மேலே வைப்பது? ஒருவரை வைத்தால் மற்ற மூவரும் தோற்றவர்கள் ஆவார்கள். மறுபடி மாலோ, வைவை. அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. மாலியேதோவா தனுமாஃபிலி இரண்டாமவர், துபுவா தமாசெசே மெயாஓலே இருவரும் சேர்ந்து நாட்டுத் தலைவர்கள், ஆயுள்வரை. மதாஆஃபா பட்டத்துக்காரர் முதல் பிரதமர். துய்மாலெயாலிஇஃபானோ பட்டத்துக்காரர் துணைத்தலைவர் மன்றத்தில். நான்கு தூண், நான்கு பேர்.

அரசமைப்புச் சட்டத்தில் இன்னொன்றும் எழுதினார்கள். ஆயுள் பதவி இந்த இருவருக்கு மட்டும். இருவரும் மறைந்த பிறகு நாடாளுமன்றம் ஐந்து ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். நான்கு குடும்பத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் இதுவரை அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். சட்டம் விட்ட இடத்தை மரபு நிரப்பியது.

மெயாஓலே 1963இலேயே இறந்துவிட்டார். மாலியேதோவா தனுமாஃபிலி 2007 மே மாதம், 94 வயதில் மறையும்வரை தனியே 44 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். உலகின் மிக மூத்த நாட்டுத் தலைவர்களில் ஒருவர். அவர் காலத்தில் பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். 1991வரை மதாய்களுக்கு மட்டுமே இருந்த வாக்குரிமை எல்லோருக்கும் வந்தது. மேற்கு சமோவா என்ற நாட்டின் பெயர் 1997இல் சமோவா ஆனது. அவர் பேசாமல் அமர்ந்திருந்தார். நாடு அவரைச் சுற்றி மாறியது. பிறகு மெயாஓலேயின் மகன், முன்னாள் பிரதமர், சமோவாவின் மரபுச் சிந்தனை பற்றி நிறைய எழுதிய துய் ஆதுவா பத்து ஆண்டுகள் இருந்தார். 2017இல் நான்காவது பட்டமான துய்மாலெயாலிஇஃபானோவின் முறை வந்தது. முன்பு காவல்துறையிலும் பிறகு வழக்கறிஞராகவும் இருந்தவர்.

இனி 2021க்கு வருகிறேன். இந்த உரையைத் தயாரிக்கத் தூண்டியதே அந்த ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள்தான்.

துய்லாஎபா 1998 முதல் பிரதமர். சாலையில் வண்டிகள் ஓடும் பக்கத்தை 2009இல் வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றியவர். தேதியை மாற்றியதும் அவர்தான். 2020இல் நிலம், பட்டம் தொடர்பான நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து பிரிக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துத் துணைப்பிரதமர் ஃபியாமே நவோமி மதாஆஃபா பதவி விலகினார். பெயரைக் கவனித்தீர்களா? 1962இன் முதல் பிரதமருடைய மகள்.

2021 ஏப்ரல் 9 தேர்தல். 51 இடங்கள். ஆளுங்கட்சிக்கு 25. ஃபியாமேயின் ஃபாஸ்ட் கட்சிக்கு 25. ஒருவர் சுயேச்சை. அவர் ஃபியாமேயோடு சேர இருந்த வேளையில், பெண்களுக்கான பத்து விழுக்காட்டு விதியைக் காட்டி ஆளுங்கட்சிப் பெண் ஒருவரைத் தேர்தல் ஆணையம் கூடுதலாக நியமித்தது. 26க்கு 26. மே 4 அன்று நாட்டுத் தலைவர் மறுதேர்தல் அறிவித்தார். மே 17 அன்று உச்ச நீதிமன்றம் நியமனம், மறுதேர்தல் இரண்டையும் செல்லாதென்றது. தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பது சட்டம். கடைசி நாள் மே 24. நாட்டுத் தலைவரும் மே 24 அன்று கூடும்படி அழைப்பு விடுத்தார்.

மே 22, சனிக்கிழமை இரவு. அந்த அழைப்பை அவரே நிறுத்திவைத்தார். காரணம் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும் என்று அறிவிப்பு சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சமோவாவில் தேவாலயத்துக்கு மட்டுமான நாள். அந்த ஞாயிறு உச்ச நீதிமன்றம் கூடி, அறிவிப்பு சட்டவிரோதம் என்றது. திங்கள் காலை, முலினுஉ நிலமுனையில், தலைமை நீதிபதி அங்கியும் பொய்முடியும் அணிந்தபடி நாடாளுமன்றத்துக்கு நடந்துபோனார். கதவு பூட்டியிருந்தது. ஃபியாமே தரப்பினர் வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு, அதில் பதவியேற்றார்கள். நாட்டுத் தலைவர் அங்கே இல்லை. ஸ்டீவன்சன் காலத்தில் தூதர்கள் உட்காரவைத்த அரசர்களின் அரசு நடந்ததும் இதே முலினுஉவில்தான்.

நான் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தேன். நாற்காலிக்கு அதிகாரமே இல்லை என்றால் இந்தக் கதவு எப்படிப் பூட்டிக்கொண்டது என்று அன்று எனக்குள் எழுந்த கேள்விக்கு இப்போது ஒரு விடை சொல்ல முடிகிறது. அந்த நாற்காலியின் பலம், அதை யாரும் பயன்படுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. 44 ஆண்டுகள் ஒருவர் பேசாமல் அமர்ந்து சேர்த்துவைத்த சேமிப்பு அது. ஒரு சனிக்கிழமை இரவு அதிலிருந்து எடுத்துச் செலவழித்தார்கள். அவருடைய பெயருக்கு இருந்த மரியாதைதான் அந்த அறிவிப்பைப் பூட்டாக்கியது. வேறொருவர் எழுதியிருந்தால் வெறும் காகிதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1887இல் இப்படி ஒரு நிலை வந்தபோது போர்க்கப்பல் வந்தது. துப்பாக்கி வந்தது. 2021இல் கூடாரமும் தீர்ப்பும்தான் வந்தன. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாரத்தில் நடந்த பதவியேற்பு செல்லும், மே 24 முதலே ஃபாஸ்ட்தான் அரசாங்கம் என்றது. சில நாட்களில் துய்லாஎபா ஏற்றுக்கொண்டார். சமோவாவுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்தார்.

பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. 2022 ஆகஸ்டில் நாட்டுத் தலைவரின் ஐந்தாண்டு முடிந்தது. ஃபியாமேயின் கையில் பெரும்பான்மை. வேறொருவரைக் கொண்டுவந்திருக்கலாம். தன் முகத்துக்கு நேரே கதவு மூடக் காரணமானவரையே இரண்டாம் முறையாகத் தேர்ந்தெடுத்தது அந்த நாடாளுமன்றம்.

இதை அரசியல் கணக்கு என்று சொல்லலாம். நீதி கிடைக்கவில்லை என்று கோபப்படவும் இடமுண்டு. தவறு செய்தவர் விலை கொடுக்க வேண்டாமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். எனக்கு அந்தச் சபை வீடுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தூணில் சாய்ந்திருந்தவர் தவறிவிட்டார் என்பதற்காகத் தூணை வெட்டினால் கூரை சாயும். வென்ற தரப்பு அவரை அகற்றியிருந்தால், நாட்டுத் தலைவர் மறுபடி வென்றவர்களின் தலை ஆகிவிடுவார். ஸ்டீவன்சன் எழுதிய எட்டு ஆண்டும் நடந்தது அதுதானே? ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புது அரசர். அந்தச் சுழலை வென்றவர்களே நிறுத்தினார்கள். செலவான சேமிப்பில் முதல் காசைப் போட்டது தோல்வியின் விளிம்புவரை போய்வந்தவர்கள்.

தான் இறந்து 127 ஆண்டு கழித்து அதே பெயர்கள் அதே நிலமுனையில் நிற்கும் என்று துசிதாலா எதிர்பார்த்திருக்கமாட்டார். இந்த முறை பின்னால் தூதர்கள் இல்லை. சண்டையும் அவர்களுடையது, சமாதானமும் அவர்களுடையது. விடுதலை என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான்.

நேரம் ஆகிவிட்டது. சமோவாவில் இன்னும் சில மணி நேரத்தில் ஞாயிறு விடியும். தேவாலய மணி அடிக்கும். கேள்விகள் இருந்தால் பேசலாம்.